கூரை இல்லாத கோயிலும் தொடுவானம் இல்லாத படமும்

ஒரு நகரத்தின் ரசனையை அறிய வேண்டுமானால், விருந்தாளிகள் வராத மாதத்தில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. விருந்தாளி வரும்போது எந்த வீட்டிலும் நல்ல பாய்தான் விரிப்பார்கள். அவன் போன பிறகு அந்த வீட்டார் எதில் உட்காருகிறார்கள், எதைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிஸோனா மாநிலத்தில், மெக்ஸிகோ எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில் டூசான் என்று ஒரு பாலைவன நகரம் இருக்கிறது. எழுதும்போது அந்தப் பெயரின் நடுவில் ஓர் எழுத்து வரும். சொல்லும்போது அதை விழுங்கிவிடுகிறார்கள். கருமலையின் அடிவாரம் என்று பொருள்படும் ஓதாம் மொழிப் பெயர் அது. ஸ்பானியர் வாயில் ஒரு தடவையும், பிறகு ஆங்கிலேயர் வாயில் ஒரு தடவையும் நசுங்கி, இப்போது எந்த மொழிக்காரரும் முழுசாக உரிமை கொண்டாட முடியாத பெயராகிவிட்டது.

இந்த ஊரின் பெரிய விழாக்கள் எல்லாம் குளிர்காலத்தில் வருபவை. பிப்ரவரியில் ரத்தினக் கல் சந்தை. அதே பிப்ரவரியில், 1925-லிருந்து நடந்து வருகிற மாடு பிடிக்கும் திருவிழா. வடக்கே பனியில் வாடும் பணக்கார முதியவர்கள் பறவைகளைப் போல வந்து தங்குகிறார்கள். ஹோட்டல்கள் நிரம்புகின்றன. ஜூன் பிறக்கும்போது அவர்கள் இருப்பதில்லை. சர்வகலாசாலை மாணவர்களில் பெரும்பாலோரும் இருப்பதில்லை. பகல் உஷ்ணம் சராசரியாக 38 டிகிரி சென்டிகிரேடுக்குப் போகிறது. 1990-ம் வருஷம் ஜூன் 26-ம் தேதி 47 டிகிரியைத் தொட்டது. அப்போது ஊரில் இருப்பவர்கள் போக முடியாதவர்கள், போக விரும்பாதவர்கள் ஆகிய இரண்டு ஜாதிதான். இவர்களுக்காக நடக்கிற கோடைக் கேளிக்கைகளையும், கண்காட்சிகளையும், ஒருநாள் பயணங்களையும் ஒரு விமர்சகன் கண்ணோடு பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரு ஜூன் மாதம் அங்கே இருக்கும்படி எனக்கு நேர்ந்ததும் ஒரு காரணம்.

பாலை தனியாக ஒரு நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்த நிலைதான் என்று சிலப்பதிகாரம் சொல்லும். புத்தகத்தில் படித்த காலத்தில் இதை ஒரு புலவர் சாதுரியம் என்று நினைத்திருந்தேன். டூசானில் அது கண்ணெதிரே நிற்கிறது. அந்தப் பாலைவனத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை உண்டு, குளிர்காலத்தில் ஒன்று, ஜூலைக்கு மேல் ஒன்று. அங்கே உள்ள இயற்கை ஆராய்ச்சிக்காரர்கள் வருஷத்தை நான்கு பருவமாகப் பிரிப்பதில்லை, ஐந்தாகப் பிரிக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களின் வறண்ட முன்கோடையைத் தனியே எண்ணுகிறார்கள். எல்லாம் காய்ந்து, எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பருவம் அது. அந்தக் காத்திருப்பைக் கலை ஏற்றுக்கொள்கிறதா, இல்லை, குளிர்சாதனப் பெட்டியின் சப்தத்தில் அதை மறக்கப் பார்க்கிறதா? நான் எங்கே போனாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடை என்றால் ஊர்க்காரர் நினைவுக்கு வருவது லெம்மன் மலை. நகரம் சுமார் 730 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிகரம் 2,790 மீட்டர். ஏறத்தாழ நாற்பத்து மூன்று கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலையில், கள்ளிக்காட்டில் புறப்பட்டவன் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊசியிலை மரங்களின் நிழலில் சால்வையைத் தேடுவான். மெக்ஸிகோவிலிருந்து கனடாவுக்குப் போவதற்குச் சமம் என்று எல்லாரும் ஒரே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். சொல்லாமல் விடுவது, அந்தச் சாலையைப் போட்டது யார் என்பதை.

1933-ல் தொடங்கி 1950-ல் முடிந்த அந்தச் சாலையை வெட்டியவர்கள் கைதிகள். வழியில் ஓரிடத்தில் அவர்களுடைய முகாம் இருந்தது. யுத்த காலத்தில், கொலை செய்ய மனம் ஒப்பாமல் பட்டாளத்துக்குப் போக மறுத்தவர்களும், பிறந்த நாடே தங்களை முள்வேலிக்குள் அடைத்ததைப் பொறுக்காமல் எதிர்த்த ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்களும் அங்கே கல் உடைத்தார்கள். அவர்களில் ஒருவர் கோர்டன் ஹிராபயாஷி. வாஷிங்டன் மாநிலத்தில் மாணவராக இருந்தவர். 1942-ல், ஜப்பானிய வம்சத்தாருக்கு மட்டும் என்று போட்ட ஊரடங்கு உத்தரவையும் வெளியேற்ற உத்தரவையும் மீறினார். 1943-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. திறந்த வெளியில் வேலை செய்யும் முகாமில் தண்டனையைக் கழிக்கிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவ்வளவு தூரம் அனுப்பச் சர்க்காரிடம் பணம் இல்லை. சரி, நானே போகிறேன் என்று, சாலையில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, நூற்றுக்கணக்கான மைல் கடந்து டூசானுக்குத் தம்மைச் சிறையில் அடைத்துக்கொள்ள வந்து சேர்ந்தார். வந்தால், அதிகாரிகளிடம் அவருடைய காகிதங்கள் இல்லை. திரும்பிப் போய்விடு என்றார்கள். அவர் ஒப்பவில்லை. அப்படியானால் எங்காவது சாப்பிட்டுவிட்டு ஒரு சினிமாப் பார்த்துவிட்டு வா, அதற்குள் தேடி வைக்கிறோம் என்றார்கள். அப்படியே சினிமாப் பார்த்துவிட்டு வந்து சிறைக்குப் போனார்.

இதை ஒரு நாவலில் யாராவது எழுதியிருந்தால், மிகை என்று நானே அடித்திருப்பேன்.

அவர்மீது இருந்த குற்றத் தீர்ப்பை நீதிமன்றங்கள் ரத்துச் செய்ய 1987 வரை ஆயிற்று. 1999-ல் அந்த முகாம் இருந்த இடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். இப்போது அங்கே குடும்பங்கள் கூடாரம் அடித்துத் தங்குகின்றன. பழைய கட்டடங்களின் அடித்தளமும், கல் படிகளும், விவரம் சொல்லும் சில பலகைகளும்தான் மிச்சம். பலகையைப் படிப்பவர்களும் உண்டு, அதன் நிழலில் குளிர்பானப் பெட்டியைத் திறப்பவர்களும் உண்டு. நான் அந்த ஊரில் பார்த்த கண்காட்சிகளிலே நன்றாக அமைந்தவற்றில் இதையும் ஒன்றாகச் சேர்ப்பேன். யாரும் யாரையும் அழவைக்க முயலவில்லை. படி எங்கே முடிகிறதோ அங்கே நின்றுவிடுகிறது.

கலை விஷயத்துக்கு வருகிறேன். டூசானில் ஓவியம் என்று பேச்செடுத்தால் ஐந்து நிமிஷத்துக்குள் டெட் டெகிராசியாவின் பெயர் வந்துவிடும். 1909-ல் அரிஸோனாவின் ஒரு செம்புச் சுரங்க ஊரில், இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவர், 1982-ல் காலமானார். மெக்ஸிகோவுக்குப் போய் ரிவேராவிடமும் ஒரோஸ்கோவிடமும் கூட இருந்து வேலை செய்தவர். அந்த இருவரின் சுவர்ச் சித்திரங்களில் உள்ள கோபத்தில் ஒரு பொறியாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வட்ட முகங்கள், கண்ணும் மூக்கும் இல்லாத குழந்தைகள், இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமான வானம், சிறகு முளைத்த செவ்விந்தியச் சிறுமிகள். கைகோத்து ஆடும் குழந்தைகளை அவர் வரைந்த ஒரு படத்தை 1960-ல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி வாழ்த்து அட்டையாக வெளியிட்டது, லட்சக்கணக்கில் விற்றது. அதன்பிறகு தட்டிலும் கோப்பையிலும் நாள்காட்டியிலும் அந்தக் குழந்தைகள் ஓய்வில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

முகம் வரையாமல் விடுவதும் ஓர் உத்திதான். முகத்துக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தவன் அதை விட்டால் அதற்கு அர்த்தம் உண்டு. டெகிராசியா விட்ட முகங்களில் பார்க்கிறவன் தன் இனிமையை நிரப்பிக்கொள்கிறான். அந்தக் குழந்தைகளுக்குத் தாகம் எடுப்பதில்லை. ஜூன் மாதம் அவர்கள்மேல் வெயிலும் அடிப்பதில்லை. அவருக்குப் பழங்குடி மக்களோடு நெருங்கிய பழக்கம் இருந்தது, அவர்கள் வாழ்க்கையை அவர் நன்றாக அறிந்தவர் என்று சொல்லுவார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் தெரிந்தது ஒன்று, தீட்டியது ஒன்று. எழுத்தாளர்களிலும் இப்படிப்பட்டவர்கள் நமக்குப் பழக்கமானவர்களே.

1976-ல் அவர் தம் ஓவியங்களில் சுமார் நூற்றை மலைக்கு எடுத்துக்கொண்டு போய் எரித்தார். விமர்சகர்கள் செய்யத் துணியாததை அவரே செய்தார் என்று ஒரு கெட்ட ஹாஸ்யம் என் நாக்கு நுனிவரை வந்தது. காரணம் வேறு. ஓவியன் இறந்தால், அவன் விற்காமல் வைத்திருக்கும் படங்களுக்குச் சந்தை மதிப்புப் போட்டு வாரிசுகளிடம் வரி கேட்கும் சட்டத்தை எதிர்த்து அப்படிச் செய்தார். தன் சிருஷ்டியைத் தானே தீயில் போடுகிறவனைப் பரிகாசம் செய்வது லேசு. நான் எழுதிய எதையும் எரிக்கும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. எரித்திருக்க வேண்டியவை எத்தனையோ உண்டு.

அதே நகரத்துச் சர்வகலாசாலையில் புகைப்படக் கலைக்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற பிரசித்தமான புகைப்படக்காரரும் அப்போதைய சர்வகலாசாலைத் தலைவர் ஜான் ஷேபரும் சேர்ந்து 1975-ல் நிறுவியது. ஆடம்ஸின் படங்களைப் பார்க்கவே எல்லாரும் போகிறார்கள். நானும் போனேன். பெரியவர்தான்; மலையும் நிலவும் அவர் சொன்னதைக் கேட்டு நின்றிருக்கின்றன. ஆனால் என்னை நிறுத்தியவர் வேறொருவர். பிரெடரிக் சோமர் என்று பெயர். 1905-ல் இத்தாலியில் பிறந்து, பிரேஸிலில் வளர்ந்து, தோட்டக் கலை நிபுணராகத் தொழில் செய்து, க்ஷயரோகம் வந்து, காய்ந்த காற்றுக்காக அரிஸோனாவுக்கு வந்தவர். வந்தவர் 1999-ல் அந்த மாநிலத்திலேயே இறந்தார்.

1940-களில் சோமர் எடுத்த பாலைவனப் படங்களில் தொடுவானம் கிடையாது. இது சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். பாலைவனத்தைப் படம் பிடிக்கிற எவனும் முதலில் செய்வது கீழே மண், மேலே வானம் என்று ஒரு கோட்டைப் போட்டுக்கொள்வதுதான். அந்தக் கோடு இருந்தால் பார்க்கிறவன் பத்திரமாக நிற்கலாம். இதோ நான், அதோ பாலை. சோமர் காமிராவைச் சற்றே கீழே சாய்த்து அந்தக் கோட்டை எடுத்துவிட்டார். பாறை, புதர், கள்ளி, மறுபடி பாறை. படத்தின் நான்கு மூலைவரை ஒரே செறிவு. கண் ஓரிடத்தில் தங்க முயல்கிறது, முடியவில்லை. பெரியது, சிறியது, அருகே, தூரத்தே என்ற பேதமெல்லாம் போய்விடுகிறது. நடுப்பகலில் அந்தக் காட்டில் கொஞ்ச தூரம் நடந்தவனுக்கு இது என்ன அனுபவம் என்று சொல்ல வேண்டியதில்லை. செத்துக் காய்ந்த முயலையும் நரிகளையும் கூட அவர் எடுத்திருக்கிறார். அருவருப்பு ஊட்டவும் இல்லை, இரக்கம் கேட்கவும் இல்லை. அருகில் போய்ப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரே வெயிலில் இரண்டு பேர் வாழ்ந்தார்கள். ஒருவர் அதைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தார், மற்றவர் அப்படியே வைத்தார். இப்படிச் சொல்லி முடித்துவிட்டுக் கட்டுரையைத் தபாலில் போட்டிருந்தால் எனக்கும் சௌகரியம். ஆனால் டெகிராசியாவின் கூடத்துக்கு இரண்டாம் முறை போனேன். முதல் முறை படங்களை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த கோயிலைச் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று ஒரு நண்பர் குறை சொன்னார்.

மலையடிவாரத்தில், வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கலால், டெகிராசியா ஓவியக் கூடத்துக்கும் முன்பாகக் கட்டியது ஒரு சின்னக் கோயில். 1952-ல் கட்டியது, ஓவியக் கூடம் திறந்தது 1965-ல்தான். குவாதலூபே மாதாவுக்காக, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பகுதிக்கு வந்த கீனோ பாதிரியாரின் நினைவாக எழுப்பியது. உள்ளே போனால் முதலில் தெரிவது சுவரில் அவர் தீட்டிய உருவங்கள். அவை எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டாம் முறையும் பிடிக்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கூரையின் நடுவே திறந்து கிடக்கிறது. கட்டி முடிக்காமல் விட்டதோ, இடிந்து போனதோ அல்ல. வேண்டுமென்றே வானத்துக்கு விட்டது. ஜூன் மாதத்துச் சூரியன் நேரே பீடத்தின்மேல் இறங்குகிறான். மழை பெய்தால் மழையும் அங்கேதான் விழும். ஜனங்கள் கொண்டுவந்து வைத்த புகைப்படங்களும் மெழுகுவத்திகளும் ஜபமாலைகளும் அந்த வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. 2017-ல் ஒரு தீ விபத்து உள்ளே இருந்தவற்றைக் கருக்கிவிட்டது. செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள்.

மழையை உள்ளே வரச்சொல்லிக் கோயில் கட்டியவன் பாலைவனத்தைத் தெரியாதவனாக இருக்க முடியாது. ஓவியக் கூடத்துத் தரையைப் பார்த்தாலும் அப்படித்தான். சோயா என்ற கள்ளியின் காய்ந்த தண்டை வில்லைகளாக அறுத்துப் பதித்திருக்கிறார். கையில் கொத்துக் கரண்டி இருந்தபோது அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தூரிகையை எடுத்ததும் யாரையோ சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்துவிட்டார். படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் முதல் நாள் எழுதி வைத்திருந்த நாலு பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

இரவுக் கேளிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். தோஹோனோ சுல் என்ற தோட்டத்தில், இரவில் மலரும் ஒரு பாலைவனக் கள்ளியைப் பார்க்க ஜனங்கள் கூடுகிறார்கள். பகலில் அது செத்த குச்சி மாதிரி இருக்கும். கோடையில் ஓர் இரவு, பெரிய வெள்ளைப் பூவாக விரிந்து, மணம் பரப்பி, விடிந்ததும் வாடிவிடும். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் நிஷாகந்தியும் கள்ளி இனந்தான். அது பூக்கிற இரவில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோமே, அதே குதூகலம்தான் அங்கேயும். இந்த விழாவுக்குத் தேதி கிடையாது. தோட்டக்காரர்கள் மொட்டுகளை அளந்துகொண்டே இருந்து, சமயம் நெருங்கியதும் அறிவிக்கிறார்கள். தேதி குறிக்கும் அதிகாரத்தைச் செடியிடம் விட்டுவிட்ட ஒரு விழாக் கமிட்டியை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

ஜூன் 24 யோவான் ஸ்நானகர் பிறந்த நாள். டூசானின் மெக்ஸிகோ வம்சத்தார் அதை மழையின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1540-ல் கொரோனாடோ என்ற ஸ்பானியத் தளபதி இந்த நாளில் முழந்தாளிட்டு வேண்ட, மழை பொழிந்தது என்று கதை. கதை சரித்திரமா என்று ஆராய வேண்டியதில்லை. ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஓதாம் மக்கள் இதே வாரங்களில், சவாரோ என்ற பிரம்மாண்டமான தூண் கள்ளியின் சிவந்த பழத்தை நீண்ட கழியால் தட்டிப் பறித்து, காய்ச்சிப் பாகாக்கி, புளிக்கவைத்துக் குடித்து, மழையை அழைத்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய புதுவருஷம் அதிலே பிறக்கிறது. கொரோனாடோவின் முழந்தாள் இல்லாமலே மழை வந்துகொண்டுதான் இருந்தது.

இந்தத் திருநாள் வாழ்ந்த தெருக்களில் பெரும்பகுதி இப்போது இல்லை. 1966-ல் நகரத்தார் வாக்களித்து ஒரு புனருத்தாரணத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில், நகரின் நடுவில் பச்சைச் செங்கல் வீடுகள் நெருங்கியிருந்த சுமார் எண்பது ஏக்கர் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். 1971-ல் அங்கே மாநாட்டு மண்டபமும் சங்கீத மண்டபமும் எழுந்தன. சங்கீதம் திண்ணையில் இருந்த இடத்தை இடித்துவிட்டுச் சங்கீதத்துக்கு மண்டபம் கட்டினார்கள். 1916-ல் அந்தப் பகுதியில் பிறந்து, அமெரிக்க மெக்ஸிகர்களின் பாட்டுக்காரராகப் புகழ் பெற்ற லாலோ குவெரேரோ, போய்விட்ட அந்தக் குடியிருப்பைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு பாட்டே கட்டினார். அரை மீட்டர் பருமனுள்ள மண் சுவர் பகலெல்லாம் வெயிலைத் தாங்கி உள்ளே குளிர்ச்சியை வைத்திருக்கும் என்பதை, இடித்த பிறகு, மின்சாரக் கட்டணம் ஏறிய பிறகு, புகழ்ந்து புத்தகம் போடுகிறார்கள். 1975-ல் இப்போதைய இடத்துக்கு வந்த நகரத்து ஓவியக் காட்சிசாலை, பக்கத்தில் தப்பிப் பிழைத்த சில பழைய வீடுகளைத் தன்னோடு சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த வீடுகளின் ஓர் அறைக்குள் நுழைந்து நின்றது, அங்கே குளிரூட்டிய கூடத்தில் தொங்கிய படங்களைவிட எனக்கு நினைவிருக்கிறது.

நகரத்தின் மேற்குப் பகுதிக்காரர்கள் யோவான் திருநாளை விடாமல் மீண்டும் எழுப்பிக்கொண்டார்கள். சாயங்காலம் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம், குதிரைமேல் பெண்கள், பாவாடை சுழலும் நடனம், சோளத்தில் செய்த தின்பண்டங்கள். ஒலிபெருக்கி என் காதைத் துளைத்தது. மேடைப் பேச்சு, எல்லா மேடைப் பேச்சையும் போலத்தான், அரை மணி நேரம் கூடுதல். நடனத்தில் சிறு குழந்தைகள் அடி தவறினார்கள். அவர்களுக்கு முகம் இருந்தது, வேர்த்திருந்தது.

அருகில் ஓடும் சாந்தா குரூஸ் ஆறு, ஆறு என்று பெயர்தான். நிலத்தடி நீரை இறைத்து இறைத்துப் போன நூற்றாண்டின் நடுவிலேயே அதை வற்றவைத்துவிட்டார்கள். 2019-ம் வருஷம் ஜூன் 24-ம் தேதி, இதே யோவான் திருநாளில், சுத்திகரித்த சாக்கடை நீரை நகரத்தார் அந்த ஆற்றில் விடத் தொடங்கினார்கள். நாளொன்றுக்குச் சுமார் ஒரு கோடி லிட்டர் வரை. கொஞ்ச தூரம் ஓடி மணலில் மறைந்துவிடும். குளித்துக் கழித்த நீரைத் திருநாளில் ஆற்றுக்குத் திருப்பித் தந்தார்கள் என்று சிலர் சிரித்தார்களாம். நான் போய்ப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே தட்டாரப் பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு பாட்டி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள்.

அன்று மழை வரவில்லை. தெற்கே மலைக்குமேல் ஒரு மேகம் ஏறி, எல்லாரும் விரலால் காட்டிப் பேசி, பிறகு கலைந்துவிட்டது. ஊர்வலத்தில் வந்தவர்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் அந்த வார முடிவில் புறப்பட்டுவிட்டேன். ஜூலை ஐந்தாம் தேதி பெய்ததாக நண்பர் எழுதியிருந்தார். கோயிலுக்குள்ளும் பெய்ததா என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன்.